கம்பியில் எவ்வளவு?

எங்கள் கம்பெனிக்கு மோடம் என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. செங்கல்லில் பாதி இருக்கும். டெலிபோன் ஒயரை அதன் முதுகில் செருகினால், அடிப்பிடித்த அண்டாவைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி கொஞ்ச நேரம் கத்துகிறது. பிறகு அமைதியாகி, ஓசூரில் தட்டியதை ஹெட் ஆபீஸில் காட்டுகிறது. அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற எஞ்சினியர் பையன் போன வாரம் என் மேஜைக்கு ஓடிவந்தான்.

“சார், பதினாலாயிரத்து நானூறு!”

“எதுப்பா?”

“வேகம் சார். ஒரு செகண்டுக்குப் பதினாலாயிரத்து நானூறு பிட்.”

“அது கம்பியில எவ்வளவு?” என்று கேட்டேன். நான் கேட்கவில்லை, வாய் கேட்டது. அந்தக் கேள்வியை நான் கேட்டு முப்பது வருஷத்துக்குப் பக்கம் இருக்கும்.

“சார், அது கம்பியிலதான சார் போவுது?” என்றான் பையன், பெரியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள் போல.

அதற்குள் என் கட்டைவிரல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஒரு எழுத்துக்கு முன்னும் பின்னும் காவலோடு பத்து பிட். ஒரு வார்த்தைக்கு, பக்கத்து இடைவெளியையும் சேர்த்து, ஆறு எழுத்து. ஆக ஒரு வார்த்தைக்கு அறுபது பிட். நிமிஷத்துக்கும் அறுபது செகண்ட். அறுபதும் அறுபதும் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டியின் எண் எதுவோ அதுவே நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்பதும். பதினாலாயிரத்து நானூறு வார்த்தை. நல்ல கை ஒன்று தந்தி அடித்தால் நிமிஷத்துக்கு இருபத்துநாலு வார்த்தை. வகுத்துப் பார்த்தேன்.

“அறுநூறு தந்தியம்மா,” என்றேன்.

“யார் சார் அது?”

கிருஷ்ணகிரியில் தந்தி ஆபீஸில் இருந்த அம்மாள். பெயர் உண்டு. சொல்ல மாட்டேன். நான் ஒரு மாதிரிப் பயந்தாங்கொள்ளி. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கேயோ ஒரு விரல் தட்ட ஆரம்பித்துவிடும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரியைப் பிரித்துக் கொஞ்ச வருஷமே ஆகியிருந்த காலம். ஓசூரில் அப்போது கம்பெனியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டின் மேல், எல்லைக்கு அந்தாண்டை இருக்கிற பெரிய கம்பெனிகளுக்கு நட்டும் போல்ட்டும் கடைந்து அனுப்புகிற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் குமாஸ்தா. லாரி கிளம்பிவிட்டது என்று பெங்களூருக்குத் தந்தி கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டால் லாரி முதலில் போய்ச் சேரும், அப்புறம் கால் கிடைக்கும். அதனால் தினமும் தந்தி ஆபீஸ். தினமும் தந்தியம்மா.

உயரமாக, ஒல்லியாக இருப்பார். வேதக்காரர், கழுத்தில் கறுத்த கயிற்றில் சின்ன வெள்ளிச் சிலுவை. முழங்கை தாண்டி வரும் ரவிக்கை. இடது மணிக்கட்டில் ஆம்பளை வாட்ச், முகப்பு உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியது. அவருக்குப் பக்கத்தில் கட்டக் கடக் என்று அடித்துக்கொண்டிருக்கும் பித்தளைக் கருவி. சத்தம் எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று அதன் பின்னால் ஒரு காலி மூக்குப்பொடி டப்பாவைச் செருகி வைத்திருப்பார். நாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பேச ஆரம்பித்ததும் அவருடைய வலது ஆள்காட்டி விரல் மேஜை விளிம்பில் தட்டத் தொடங்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தட்டு. பத்துத் தட்டுக்கு ஒருமுறை இடது கைக் கட்டைவிரல் ஒரு கணு நகரும், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. கண் மணிக்கட்டில் இருக்கும்.

“நிமிஷத்துக்கு முன்னூத்தி அறுபது எழுத்து,” என்பார், நாம் பேசி முடித்ததும். “ஒரு தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வெச்சுக்கோ. கம்பியில நூத்தி இருவது வார்த்தை. அஞ்சு ஆளு வேணும் தம்பி உன் பேச்சை அனுப்ப.”

எதைப் பார்த்தாலும் அவருக்கு இதே வேலை. பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பேரைக் கூவுகிற கண்டக்டர் கம்பியில் எவ்வளவு, பாகவதர் கதை சொல்கிற வேகம் கம்பியில் எவ்வளவு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் எவ்வளவு. எதையும் எழுதி வைக்க மாட்டார். எல்லாம் விரலில் இருந்தது. ஒருமுறை பேசியவரின் வேகம் ஒரு வருஷம் கழித்து வந்தாலும் அவருக்கு ஞாபகம் இருக்கும், பேர் மறந்திருக்கும்.

எனக்கு அப்போது நானூற்று இருபது. “ஆறு ஆளு,” என்று தந்தியம்மா சொன்னபோது ஆபீஸே திரும்பிப் பார்த்தது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். வேறு எதிலும் முதலாவதாக வராதவனுக்கு இது பெரிய விஷயம்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. சேலத்துக் கை போகும் வரைக்கும்.

தந்தி அடிக்கிறவர்களுக்குள் ஒரு விஷயம் உண்டு. முகம் தெரியாது, பேர் தெரியாது, ஆனால் அடிக்கிற விதத்தை வைத்து அந்தப் பக்கத்தில் யார் என்று தெரிந்துவிடும். சேலத்தில் ஒருவர் இருந்தார். தந்தியம்மா அவரை ‘சேலத்துக் கை’ என்றுதான் சொல்வார். வருஷக்கணக்கில் இருவரும் கம்பி வழியே பழக்கம். ஒருநாள் நான் போனபோது தந்தியம்மா டப்பாவில் காதை வைக்காத குறையாகக் குனிந்திருந்தார்.

“என்னாச்சும்மா, லைன் கோளாறா?”

“லைன் நல்லாத்தான் இருக்கு. கை கொறையுது.” முகம் திரும்பவில்லை. “இருவத்தி நாலு அடிச்ச கை. பொங்கலப்போ இருவத்தி ரெண்டு. இப்போ பத்தொம்பது.”

“வயசாகியிருக்கும்.”

“வயசானா கை தடுமாறும், தப்பு வரும். இதுல தப்பே இல்ல தம்பி. சுத்தமா இருக்கு. வேகம் மட்டும் எறங்குது.” டப்பாவைப் பார்த்தே சொன்னார்: “வேகம் கூடினா குத்தமில்ல. கொறைஞ்சா கேக்கணும்.”

கம்பியிலேயே கேட்டாராம், உடம்பு எப்படி என்று. நன்றாக இருக்கிறேன் என்று அந்தக் கை பதில் அடித்ததாம். அந்தப் பதிலின் வேகம் பதினேழு.

அதற்கு அப்புறம் சீக்கிரமே ஒரு காலையில் சேலத்திலிருந்து வேறு கை வந்தது. புதுசு, படபடவென்று, தப்பும் தவறுமாக. தந்தியம்மா அதனிடம் ஒரு வரி கேட்டார். அது ஒரு வார்த்தையில் பதில் சொன்னது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மோர்ஸ் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை என்னவென்று புரிந்துவிட்டது, ஏனென்றால் தந்தியம்மா டப்பாவைக் கருவியிலிருந்து எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

அடுத்தது மத்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர். ஆள் வரும்போதே குரல் முன்னால் வரும். மாங்காய் சீசனில் பெங்களூர் மண்டிக்குத் தந்தி கொடுக்க வருவார். அன்றைக்கு எனக்கு முன்னால் அவர்தான்.

“ஏம்மா, மண்டிக்கு ஒண்ணு அடி. லோடு நாளைக்கு வருது, பாதி செந்தூரா பாதி நீலம்னு.”

விரல் தட்டியது. கட்டைவிரல் நகர்ந்தது. தந்தியம்மா நிமிர்ந்தார்.

“ஐயா, போன சீசன்ல முன்னூத்தி எம்பது இருந்தீங்க. இப்ப முன்னூத்தி பத்து.”

“என்னது அது, பிரஷரா?”

“பேச்சுங்க.”

“பேச்சு கொறைஞ்சுதா!” அவர் ஜன்னல் கம்பி அதிரச் சிரித்தார். “எங்க வீட்ல கேட்டா கற்பூரம் ஏத்துவாளே!”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். “டாக்டரை ஒரு எட்டுப் பாத்துருங்கய்யா,” என்றார் தந்தியம்மா. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

தோப்பில் காய் முழுக்க இறங்குவதற்குள் அவருடைய மூத்த மகன் தந்தி ஆபீஸுக்கு வந்தான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி சொல்ல வேண்டும். அழுதுகொண்டே ஒவ்வொரு ஊராகச் சொல்கிறான், தந்தியம்மா எழுதிக்கொள்கிறார். எழுதுகிற கை ஒன்று. மற்றக் கையின் விரல் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல்தான் தட்டியிருக்கும். பையன் அதைப் பார்த்துவிட்டான். பேச்சு பாதியில் நின்றது.

“என்னை எண்ணாதீங்கம்மா,” என்றான்.

அந்த விரல் நின்றது. ஆனால் எனக்கு அது நின்ற மாதிரித் தோன்றவில்லை. மேஜைக்கு அடியில் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து ஊர் பிடித்துக்கொண்டது. தந்தி ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும் ஜனங்கள் ரயில் விட்டதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். நிதானமாகப் பேசுகிற ஜவுளிக்கடைக்காரர், ஜன்னலுக்கு வருமுன் மூச்சை இழுத்துக்கொண்டு, விலாசத்தையும் செய்தியையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். போஸ்ட்மாஸ்டர் தந்தியம்மாவிடம் பேசுவதையே விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். எழுதுகிற வேகத்தையும் அந்தம்மா எண்ணும் என்று யாரோ கிளப்பிவிட, சீட்டை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வர ஆரம்பித்தார். நாட்டு மருந்துக் கடையில் வசம்பு தீர்ந்து போயிற்று. குழந்தைக்குப் பேச்சு வர நாக்கில் தடவுவார்களே, அந்த வசம்பு. வாங்கியவர்களில் ஒரு குழந்தைகூட இல்லை. எனக்குத் தெரியும், கடைசித் துண்டை வாங்கியவன் நான்.

“மழை வரும்னு சொல்றவன்தான் மழையைப் பெய்ய வெக்கறானா?” என்று தந்தியம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார். நியாயம்தான். ஆனாலும் குடை இல்லாதவனுக்கு அப்படிச் சொல்கிறவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ராயக்கோட்டை. அவள் அப்பா தக்காளி மண்டி வைத்திருந்தார். தூரத்துச் சொந்தம். எங்கள் ஆட்களில் சேலம் பக்கம் போனவர்கள் தெலுங்கை மறந்துவிட்டார்கள், ராயக்கோட்டைப் பக்கம் தங்கியவர்கள் மறக்கவில்லை. மாமனார் ஆகப் போகிறவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். “மாப்பிள்ளை, எங்க பொண்ணு தமிழ்ல பேசும், கன்னடத்துல பேசும். கோவம் வந்தா தெலுங்குதான். அது என்னா சொல்லுதுன்னாவது உங்களுக்குத் தெரியணும்.”

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. நிச்சயத்தன்று என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். மரியாதைக்குச் சிரித்தது இல்லை, என் சட்டையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் பார்த்துச் சிரித்தது. இப்படி ஒருத்தி கூட இருந்தால் நான் ஒழுங்காக இருப்பேன் என்று தோன்றியது. தை மாதம் கல்யாணம்.

தையைப் பார்த்துக்கொண்டு நாட்கள் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் தந்தி ஆபீஸ் ஜன்னலில் நின்றபடி பக்கத்து டீக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். என் தந்தித் தாள் தந்தியம்மா கையில். பேச்சு முடிந்து திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கட்டைவிரல் ஒரு கணுவில் நின்றிருந்தது.

“என்னம்மா, எவ்வளவு? நானூத்தி முப்பதா?” வசம்பு கொடுத்த தைரியம்.

“ஒண்ணுமில்ல தம்பி. போய்ட்டு வாங்க.”

‘வாங்க’. ஒருநாளும் என்னை அவர் மரியாதை போட்டுப் பேசியதில்லை.

“எவ்வளவும்மா?”

“அதெல்லாம் எதுக்கு? கல்யாண வேலையைப் பாருங்க.”

“சொல்லுங்கம்மா. சொல்லாட்டி நான் இங்கயே நிப்பேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முன்னூறு.” இன்னும் துடைத்தார். “கம்பியில நூறு வார்த்தை. நாலு ஆளு போதும்.”

நாலு ஆள். நம் ஊரில் நாலு ஆள் எதற்குப் போதும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் டீயை நீட்டினார். வாங்கும்போது அவர் தோளின் உயரத்தைப் பார்த்தேன். நல்ல உயரம், முன்பக்கம் பிடிக்கலாம்.

அடுத்து வந்த நாட்களில் நான் பட்ட பாட்டை இப்போது சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானே சிரிப்பேன், பகல் வெளிச்சத்தில். டாக்டரிடம் போனேன். “பேச்சு கொறைஞ்சுடுச்சு டாக்டர்,” என்று ஆரம்பித்து, என் பிறப்பிலிருந்து அன்று காலை வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். “இப்படியே கொஞ்ச நேரம் இருங்க,” என்றார். உடம்பில் ஒன்றும் இல்லையாம். மாந்தோப்புக்காரரும் ஒன்றுமில்லை என்றுதானே சிரித்தார், சேலத்துக் கையும் நன்றாக இருக்கிறேன் என்றுதானே அடித்தது என்று எனக்கு அதிலும் பயம்தான் கூடியது. ஒர்க்‌ஷாப்பில் கடைசல் மெஷின் ஓடும்போது, சத்தம் இறங்குகிற மாதிரி இருந்தால் பெல்ட்டைப் பார்க்காமல் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அந்தச் சிரிப்புக்காரியை விதவையாக்கக் கூடாது. கல்யாணத்தை நிறுத்த வேண்டும், அதையும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டை பஸ் ஏறினேன்.

மண்டியில் கூடைகளுக்கு நடுவே நின்று அவள் ஒரு லாரி டிரைவரைத் தெலுங்கில் வறுத்துக்கொண்டிருந்தாள். அடிக்கூடைத் தக்காளி நசுங்கியிருந்தது. டிரைவர் டிரைவராக இல்லாமல் தக்காளியாக இருந்திருக்கலாம் என்று நினைத்திருப்பான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். மண்டி ஓரத்தில் அவள் அத்தை ஒருத்தி காவலுக்கு உட்கார்ந்துகொள்ள, மூன்றடி தள்ளி நின்று பேசினோம்.

“கல்யாணத்தை நிறுத்திடலாம்,” என்றேன்.

அவள் முகம் மாறியது. “என்னைப் புடிக்கலியா?”

“ஐயோ, அதில்ல. நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்.”

“யாரு சொன்னது?”

“தந்தியம்மா.”

“தந்தி வந்துதா?”

“இல்ல, எண்ணினாங்க.”

முழுக் கதையையும் சொன்னேன். சேலத்துக் கை, மாந்தோப்புக்காரர், நானூற்று இருபது, முன்னூறு, நாலு ஆள். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இவள் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“இப்ப இவ்வளவு வேகமா பேசறீங்களே மாமா? இது எவ்வளவு?”

“தெரியல.”

“அந்தம்மா எண்ணறப்போ யாருகூட பேசிக்கினு இருந்தீங்க?”

“டீக்கடைக்காரர்கூட.”

“எதுல?”

எனக்குப் புரியவில்லை. “எதுலன்னா?”

“எந்தப் பாஷையில?”

யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை. எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பஸ்ஸில் ஏறும்போது கன்னடம், டிக்கெட் வாங்கும்போது தமிழ், இறங்கும்போது தெலுங்கு. பேசியது நினைவிருக்கும், எதில் பேசினோம் என்று கேட்டால் விழிப்போம். அப்புறம்தான் மெல்ல வந்தது. டீக்கடைக்காரர் ஆந்திரா எல்லையிலிருந்து வந்தவர். நிச்சயம் ஆனதிலிருந்து நான் அவரிடம்தான் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

“தெலுங்குல,” என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உங்க தெலுங்கை நான் நிச்சயத்தன்னைக்கே கேட்டேன் மாமா. எருமை சேத்துல நடக்கற மாதிரி இருக்கும். அதுக்கு முன்னூறுன்னு போட்டதே அந்தம்மா நல்ல மனசு!”

கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் பாடினேன். கண்டக்டர் நிறுத்தச் சொன்னார். நேரே தந்தி ஆபீஸுக்குப் போய், ஜன்னலில் தலையை விட்டு, மூச்சுவிடாமல் சொன்னேன். விரல் தட்டியது. “நானூத்தி இருவத்தி அஞ்சு,” என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தந்தியம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமியார் விஷயத்துலயும் இதே தப்புதான் பண்ணேன்,” என்றார். மாதா கோயிலில் லத்தீன் பூசையை நிறுத்தித் தமிழில் ஆரம்பித்த புதிதில், சாமியாரின் வேகம் பாதியாகிவிட்டது என்று இவர் பயந்துபோய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாராம். லத்தீனை மனப்பாடமாக ஓட்டியவர், தமிழில் வாசித்தார், அவ்வளவுதான். சாமியார் இப்போது முன்னைவிடக் குண்டாக இருக்கிறார். “எல்லாப் பாஷையும் என் காதுக்கு ஒண்ணாவே போயிடுச்சு தம்பி. எழுத்தை எண்ணினேன். எதோட எழுத்துன்னு பாக்கலை.”

“அப்ப எல்லாமே தப்புக் கணக்குதானேம்மா?” என்றேன், குதூகலமாக.

“மத்தூர்க்காரருக்குத் தமிழைத் தவிர வேற தெரியாது.”

நான் ஜன்னலிலிருந்து தலையை வெளியே எடுத்தேன்.

“சேலத்துக் கை?” என்று அவரே கேட்டுக்கொண்டார். “கம்பிக்கு ஏது பாஷை?” என்னைப் பார்த்தார். “உன்னுதும் சாமியாருதும் தப்பு. அது ரெண்டும் சரி.”

உள்ளே போன குதூகலம் வெளியே வரும்போது என்னோடு வரவில்லை.

கல்யாணத்துக்கு வந்திருந்தார், ஒரு எவர்சில்வர் குடத்தோடு. பந்தியில் உட்காரவில்லை. மணப்பெண் அறை வாசலில் நின்று என் மனைவி தன் தோழிகளோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நானூத்தி நாப்பது. தெலுங்கு. பாஷையைப் பாத்துத்தான் எண்ணினேன். ஆறு ஆளு பத்தாது இவளுக்கு.” என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் நுனி காய்த்துப்போய் இருந்தது. “இதை மறந்துராத தம்பி.”

நான் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாண மாப்பிள்ளை வேறு எப்படி எடுத்துக்கொள்வான்?

அப்புறம் ஆபீஸுக்கு டெலிபிரிண்டர் வந்தது. அந்தப் பக்கம் தட்டினால் இந்தப் பக்கம் தானாக அடிக்கிற மெஷின். செகண்டுக்கு ஐம்பது துடிப்பு, நிமிஷத்துக்கு அறுபத்தாறு வார்த்தை. எல்லோரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தோம். தந்தியம்மா மட்டும் அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நேத்தும் அறுபத்தி ஆறு. இன்னைக்கும் அறுபத்தி ஆறு,” என்றார். “அந்தாண்ட ஆளு இருக்கா, இல்லையான்னே தெரியலியே.”

கொஞ்ச காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார். போகும்போது மூக்குப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவருடைய கை எப்போது இருபத்துநாலிலிருந்து இறங்கியது, அதைக் கேட்க அந்தப் பக்கம் யாராவது இருந்தார்களா, தெரியாது.

அவர் போய்விட்டார், விரல் போகவில்லை. என்னிடம் ஒட்டிக்கொண்டது. முதலாளி பேசினாலும், பிள்ளை ஒப்பித்தாலும், என் ஆள்காட்டி விரல் தட்டும். பாஷையைப் பார்த்துத்தான் தட்டும். அந்தப் பாடத்தை உயிர் போகிற பயத்தில் படித்தவன் நான். என் மனைவியை மட்டும் எண்ணுவதில்லை என்று வைத்திருந்தேன். அவள் திட்டும்போது எண்ணத் தேவையும் இருந்ததில்லை.

நேற்று மழை. பையன் மோடத்துக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“சார், ஒம்பதாயிரத்து அறுநூறுக்கு எறங்கிடுச்சு.”

வகுத்துப் பார்த்தேன். நானூறு. அறுநூறு தந்தியம்மாவில் இருநூறு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

“கெட்டுப் போச்சா?”

“இல்ல சார், லைன் சரியில்லன்னா அதுவே வேகத்தைக் கொறைச்சுக்கும். அறுந்து போகாம இருக்கறதுக்கு.”

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்று பேசினாள். பெரியவன் போன் பண்ணினானாம், பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறதாம், எதைக் கொடுத்தாலும் கடிக்கிறதாம். நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். பாதியில்தான் கவனித்தேன், என் விரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் முள் ஒரு சுற்று வந்து முடிந்தது. முன்னூறு.

முதலில் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அப்புறம் தக்காளி மண்டி ஞாபகம் வந்தது. பேச்சு சுவாரசியத்தில் நான் பாஷையைப் பார்க்கவில்லை. கன்னடமாக இருக்கும். தமிழாக இருக்கும். தமிழில் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் இழுவை உண்டு.

“இதையே தெலுங்குல சொல்லு,” என்றேன்.

“எதை?”

“இப்ப சொன்னதைத்தான். மொதல்லேருந்து. தெலுங்குல.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழில் கேட்டாள்: “ஏங்க, இத்தனை நேரம் தெலுங்குலதானே சொல்லிக்கினு இருந்தேன்?”

ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

“என்னைத் திட்டு,” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மா. வேகமா திட்டேன்.”

சிரித்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள், தெலுங்கில், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. தொடைக்கு அடியில் விரல் தட்டிக்கொண்டிருந்தது.